தண்ணி வருமா?

சென்னையில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவன், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு. தண்ணி வருமா? வாடகை, அட்வான்ஸ், கரண்ட் எல்லாம் அதற்கு அப்புறம்தான். நான் சிந்தாதிரிப்பேட்டையில் அடிபம்புச் சத்தத்தில் கண்விழித்து வளர்ந்தவன். குடத்துக்காக நடந்த சண்டைகளைப் பார்த்தே உலக ஞானம் பாதி பெற்றவன். தண்ணீர் வராமல் போய்விடுமோ என்று பயப்படத்தான் எனக்குத் தெரியும். வந்துவிடுமோ என்று பயப்படுகிற இடங்களும் இருக்கின்றன என்பது முப்பது வயது வரை தெரியாது.

பயம் எனக்குக் கூடப் பிறந்தது. சீசன் டிக்கெட் சட்டைப் பையில் இருக்கும்போதே டிக்கெட் பரிசோதகரைப் பார்த்தால் எனக்கு வியர்க்கும். மேலதிகாரி கூப்பிட்டால், அவர் அறைக்குப் போகிற பத்து எட்டுக்குள் செய்யாத தப்புக்கு ஒரு மன்னிப்பு தயாராகிவிடும். என் மனைவி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் எண்பதுகளின் நடுவில் ஒரு வருடம், ஆடியிலிருந்து கார்த்திகை வரை, அவளும் சிரிக்கவில்லை.

அப்போது மேற்குத் தாம்பரத்தில் ஒரு போர்ஷனில் குடியிருந்தோம். ஒரு கூடம், ஒரு சமையலறை, பின்பக்கம் வீட்டுக்காரர்களுக்கும் எங்களுக்கும் பொதுவாக ஒரு கிணறு. மனைவிக்கு ஐந்தாம் மாதம். அதற்கு முந்தின வருடம் உண்டானது மூன்றாம் மாதத்திலேயே கலைந்துவிட்டது. இந்தத் தடவை டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: குடம் தூக்கக் கூடாது, மாடி ஏறக் கூடாது, அலைச்சல் கூடவே கூடாது. அவளுக்கு அம்மா இல்லை. பிரசவத்துக்கு அனுப்பி வைக்கப் பிறந்த வீடு என்று ஒன்று இல்லை. இந்தக் குழந்தையாவது தங்க வேண்டும், அதற்கு அவள் ஒரு கூரையின் கீழ் நிம்மதியாகப் படுத்திருக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஆடி பிறந்த வாரம் வீட்டுக்கார அம்மா ஒரு கிண்ணத்தில் பாயசம் கொண்டுவந்தார். அவருடைய பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சந்தோஷமாக வாங்கிக்கொண்டோம். கிண்ணத்தைக் கொடுத்த பிறகும் அவர் போகவில்லை.

"கல்யாணம் கார்த்திகைல வெச்சிருக்கோம் சார். உங்க வீட்லயும் அப்பத்தானே பிரசவம்? ஒரே கிணறு, ஒரே வாசல். தீட்டு வந்துட்டா பந்தக்கால் நட முடியாதுங்க. தப்பா எடுத்துக்காதீங்க. ஆவணிக்குள்ள வேற இடம் பாத்துக்குங்க."

தப்பாக எடுத்துக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை. சரி என்று தலையாட்டினேன். பாயசம் தீர்ந்த பிறகுதான் பயம் வந்து உட்கார்ந்தது. ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். புரட்டாசியிலும் பால் காய்ச்ச மாட்டார்கள். நடுவில் ஆவணி ஒன்றுதான். போதாததற்கு மனைவியின் அக்கா கடிதம் எழுதியிருந்தார்: மாசமாக இருக்கும்போது வீடு மாற்றவே கூடாது, வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. நல்லவேளை, தபால்காரர் கடிதத்தை என் கையில் கொடுத்தார். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் ரயிலில் பீச் ஸ்டேஷன் வரை போய், அங்கே கிழித்துப் போட்டேன்.

ஆவணி முழுக்க அலைந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் 'டு-லெட்' போர்டைத் தேடிச் சேலையூர், செம்பாக்கம், கேம்ப் ரோடு என்று தெருத் தெருவாக நடந்தேன். முதல் இரண்டு வீடுகளுக்கு அவளையும் ஆட்டோவில் கூட்டிப் போனேன். வீட்டுக்காரர்கள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றைப் பார்த்தார்கள். ஒரு வீட்டில், "பிரசவம் இங்கேயா?" என்று கேட்டுவிட்டுப் பாதி திறந்த கதவை மீண்டும் சாத்திக்கொண்டார்கள். இன்னொரு வீட்டில் அந்த மனிதர் சுவரைத் தடவிக்கொண்டே, "இப்பத்தான் டிஸ்டம்பர் அடிச்சிருக்கேன். குழந்தைன்னா கிறுக்கும்" என்றார்.

"இன்னும் பொறக்கவே இல்லையே சார்."

"பொறந்தா கிறுக்குமில்ல?"

அன்றைக்கு ஆட்டோவில் திரும்பும்போது அவள் புடவைத் தலைப்பால் வயிற்றை மூடிக்கொண்டே வந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு போவதை நிறுத்திவிட்டேன். எத்தனை பேர் என்று கேட்டால், "ரெண்டே பேர்தான். நானும் என் ஒய்ஃபும்" என்பேன். கார்த்திகை வரைக்கும் அது பொய் இல்லை.

ஆவணியின் கடைசி வாரம். எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்தவர் ஒரு வழி சொன்னார். அந்தக் காலத்தில் எந்தத் தெருவில் எந்த வீடு காலி என்பது இஸ்திரிக்காரர்களுக்குத்தான் தெரியும்.

"ராஜகீழ்ப்பாக்கத்துல ஒரு வூடு கீது சார். தனி வூடு. நாலு மாசமா காலியாத்தான் கீது."

"நாலு மாசமாவா? ஏன்?"

"ஆள் வரல சார்."

நான் கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை. ஆனால் தனி வீடு என்ற சொல் என் காதை அடைத்துவிட்டது. தனிக் கிணறு, தனி வாசல். நம் தீட்டு நம்மோடு.

வேளச்சேரி ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, வயலாக இருந்து மனையாகிக்கொண்டிருந்த நிலத்தின் நடுவே கால் மணி நேரம் நடந்தேன். எங்கு பார்த்தாலும் எல்லைக்கல், அங்கங்கே அஸ்திவாரத்துக்குத் தோண்டிய பள்ளங்கள். வீட்டுக்காரர் அந்த ஊரிலேயே பிறந்தவர். ஐம்பதைத் தாண்டிய மனிதர், தோளில் துண்டு, சாவி வேட்டி மடிப்பில். சில வருடங்களுக்கு முன்புவரை அங்கே நெல் போட்டவர். வயல்களை மனையாக்கி விற்றுவிட்டு, மிஞ்சிய துண்டில் வாடகைக்கென்று இந்த வீட்டைக் கட்டியிருந்தார். உழவு போய்விட்டாலும் ஒரு ஜோடி மாட்டையும் வண்டியையும் மட்டும் விற்க மனசு வரவில்லை என்று வழியிலேயே சொன்னார்.

வீடு எனக்குப் பிடித்துவிட்டது. இரண்டு அறை, கூடம், ஆள் படுக்கிற அளவுக்கு அகலமான பரண். சுவரின் கீழ்ப்பாதிக்கு வெள்ளை அடிக்காமல் வழவழவென்று சிமெண்ட் பூசியிருந்தார்கள். அழுக்குத் தெரியாமல் இருக்க நல்ல யோசனை என்று நினைத்துக்கொண்டேன். ப்ளக் பாயிண்ட்கள் எல்லாம் என் தோள் உயரத்தில் இருந்தன. அதுவும் ஒரு புதுமை.

"தண்ணி வருமா?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வரும் சார். அத நான் மறைச்சுப் பேச மாட்டேன். ஐப்பசி கார்த்திகைல நல்லாவே வரும். மத்த மாசம் ஒண்ணும் பேஜார் இல்ல. அதுக்கோசரம்தான் வாடகையும் கம்மியா சொல்றேன்."

குழாய் இணைப்பு இல்லாததால் வாடகையைக் குறைக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். மழைக்காலத்தில் கிணறு நிரம்பும், மற்ற மாதங்களிலும் கஷ்டம் இல்லை. இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்? சந்தோஷமாகத் தலையாட்டினேன். இவ்வளவு நல்ல பதிலை என் ஆயுளில் எந்த வீட்டுக்காரரும் சொன்னதில்லை.

"வூட்டம்மாவ ஒரு தபா இட்டாந்து காட்டிடு சார். அவங்களும் பாக்கட்டும்" என்றார்.

"வேணாங்க. நான் பார்த்தா அவ பார்த்த மாதிரிதான்" என்று அவசரமாகச் சொல்லி அட்வான்ஸை அவர் கையில் வைத்தேன். அவளைக் கூட்டி வந்தால் வயிறு தெரிந்துவிடும் என்ற பயம்.

ஆவணியின் கடைசி முகூர்த்தத்தில் பால் காய்ச்சினோம். சாமான்கள் மீன்பாடி வண்டியில் முன்னால் போய்விட்டன. சாமி படம், உப்பு, மஞ்சள், நிறைகுடம் ஆகியவற்றோடு நாங்கள் ஆட்டோவில் போய் இறங்கினோம். வாசலில் நின்றிருந்த வீட்டுக்காரர் நிறைகுடத்தைப் பார்த்து, "தண்ணிய நீயே கொண்டாந்துட்டியா சார்" என்று சிரித்தார். பிறகு அவள் ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள். அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

என்னைத் தனியாகக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனார். "மாசமா கீறாங்களா?"

"ஆமாங்க."

"எப்ப?"

"கார்த்திகை."

"மின்னாடியே சொல்லக் கூடாதா சார்?" என்று தலையில் கையை வைத்துக்கொண்டார்.

சாமான் எல்லாம் உள்ளே போயாயிற்று, பழைய வீட்டின் சாவியைக் கொடுத்தாயிற்று. "தீட்டு ஒண்ணும் உங்க பக்கம் வராதுங்க. நாங்க ஜாக்கிரதையா..." என்று கெஞ்ச ஆரம்பித்தேன்.

"தீட்டு கெடக்குது சார்" என்றார். என்னைப் பார்க்காமல், தூரத்தில் பனைமரங்களுக்குப் பின்னால் தெரிந்த ஏரிக்கரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "சரி, பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தீட்டு இல்லை என்றால் அவருக்கு வேறு என்ன கவலை என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் காலி பண்ணச் சொல்லிவிடுவாரோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

உள்ளே அவள் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ப்ளக்கெல்லாம் எவ்ளோ உயரத்துல வெச்சிருக்காங்க பாருங்க. பாப்பாவுக்குக் கை எட்டாது" என்றாள். பல வாரங்களுக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். கெட்டிக்காரத்தனமாக வீடு பிடித்துவிட்டதாக எனக்கும் ஒரு பெருமை.

புரட்டாசி பாதியில் ஒரு காலை, வீட்டுக்காரர் மாட்டுவண்டியில் செங்கல் கொண்டுவந்து வாசலில் அடுக்கினார். எதற்கு என்று கேட்டேன்.

"கட்டில ஒசத்தணும் சார். நீங்க பாட்டுக்குத் தரையோட போட்டுக்கினு கீறீங்க. ஐப்பசி பொறக்கப் போகுது."

"ஐப்பசி பொறந்தா?"

"தண்ணி வரும்னு சொன்னேன்ல சார்? நீயும் தல ஆட்டினியே."

"எந்தத் தண்ணி?"

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. "இன்னா சார் இது, ஏரித் தண்ணிதான். இந்த எடத்துக்கு மதகடின்னு பேரு. ஏரி மதகத் தொறந்தா மொதல்ல இங்கதான் பாயும். வயலா இருந்தப்ப அதுக்குத்தான காத்துக்கினு கெடந்தோம்?"

"வீட்டுக்குள்ளயா?"

அவர் உள்ளே வந்து, சிமெண்ட் பூச்சு முடிந்து வெள்ளை ஆரம்பிக்கிற இடத்தில், ப்ளக் பாயிண்டுக்கு நாலு விரல் கீழே, கையை வைத்துக் காட்டினார். "போன தபா இம்மாம் ஒசரம்."

நான் அந்த ப்ளக்கைப் பார்த்தேன். அகலமான பரணைப் பார்த்தேன். ஏன் சொல்லவில்லை என்று அவர்மேல் பாய்ந்தேன். சொன்னேனே சார் என்றார் அவர். அது உண்மை. அவர் தன் ஊர்த் தண்ணீரைச் சொல்லியிருந்தார், நான் என் தெருத் தண்ணீரைக் கேட்டிருந்தேன். ஒரே சொல்லில் இரண்டு பேரும் ஒப்பந்தம் பண்ணிக்கொண்டுவிட்டோம்.

வேறு வீடு தேட முடியாது. புரட்டாசி, ஏழாம் மாதம், யார் கொடுப்பார்கள்? மனைவிக்கு மட்டும் தெரிய வேண்டாம், பயந்தால் குழந்தைக்கு ஆகாது என்று அவர் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன். கட்டில் காலுக்கு நாலு நாலு செங்கல்லாக வைத்து உயர்த்தினோம். எறும்புக்காக என்று அவளிடம் சொன்னேன். அவள் சரி என்றாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் போல நான் எந்த நாட்களிலும் பயந்ததில்லை. ஏரியின் மதகருகே தண்ணீருக்குள் இறங்குகிற கல்படிகள் இருந்தன. தினமும் காலையில் ரயிலுக்குப் போகும் முன் கரையேறி, எத்தனை படி வெளியே தெரிகிறது என்று எண்ணுவேன். பதினொன்று இருந்தன. ஐப்பசி பிறந்து முதல் மழைக்கு ஒன்பதாயின. ரேடியோவில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு நிலை என்று சொன்னால் எழுந்து போய் அதை அணைத்துவிடுவேன். போன வருடக் கோடையில் ஒரு குடம் தண்ணீருக்கு அடித்துக்கொண்ட ஆபீஸ்காரர்கள், ஜன்னலோரம் நின்று மழையைப் பார்த்துக் கைதட்டினார்கள். நான் ஒருவன் மட்டும் மழை வேண்டாம் என்று சாமியைக் கும்பிட்டேன். ஊருக்கே துரோகம் பண்ணுவதாகத் தோன்றியது. தோன்றினாலும் கும்பிட்டேன். ஏழு படி. ஐந்து படி. சாப்பிடும்போது அவள் ஏதாவது கேட்டால் இரண்டாம் முறைதான் என் காதில் விழும்.

ஐப்பசிக் கடைசியில் மூன்று நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலை கரைக்குப் போனேன். ஒரு படிகூட இல்லை. நான் வீட்டுக்கு ஓடினேன். ஓடும்போதே பின்னால் யாரோ, "மதகத் தொறந்துட்டாங்கடோய்" என்று கத்துவது கேட்டது.

வாசல் வழியாக வரும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது குளியலறையின் சாக்கடை ஓட்டை வழியாக வந்தது. முதலில் களக் களக் என்று குமிழி விட்டது. பிறகு பழுப்பாக, அவசரமே இல்லாமல், சமையலறைத் தரையில் பரவியது. துணியைச் சுருட்டி ஓட்டையை அடைத்தேன். அதைத் தள்ளிக்கொண்டு வந்தது. அதற்குள் வாசற்படியும் மூழ்கிவிட்டது. என் செருப்பு ஒன்று கூடத்தில் மிதந்து போயிற்று. அதன் பின்னால் ஒரு தண்ணீர்ப் பாம்பு தலையைத் தூக்கிக்கொண்டு போனது. அது எந்த அறைக்குள் போயிற்று என்று நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை.

அவள் கட்டிலின் நடுவில் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தாள். முதல் செங்கல் மறைந்தது. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அவள் முகத்தைச் சுளித்தாள்.

"வலிக்குதா? வலி வந்துடுச்சா?" என்று அலறினேன்.

"இல்ல. நீங்க புடிச்சிருக்கறதுதான் வலிக்குது."

பிறகு பரணைக் காட்டினாள். அங்கே ஒரு பை. ஆஸ்பத்திரிச் சீட்டு, இரண்டு புடவை, குழந்தைக்குக் கிழித்து வைத்த பழைய வேட்டித் துணி எல்லாம் பிளாஸ்டிக் தாளில் சுற்றி வைத்திருந்தாள். "வந்த மறுநாளே தெரியும். பரணைத் தொடைக்கும்போது ஒரே சேறு. பரணுக்குச் சேறு எப்படி வரும்? யாரோ சேத்துக் காலோட ஏறிப் படுத்திருக்காங்க. உங்ககிட்ட சொன்னா பயப்படுவீங்கன்னு சொல்லல" என்றாள்.

ஒரு மாதத்துக்கு மேல் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் எறும்புக் கதை சொல்லிக்கொண்டு தனித்தனியாகப் பயந்திருக்கிறோம். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அவளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது. அதற்கெல்லாம் நேரம் இல்லை. மூன்றாவது செங்கல்லும் மறைந்துகொண்டிருந்தது.

வெளியே மாட்டை அதட்டும் சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் வண்டியோடு வந்துவிட்டார். மாடுகளுக்கு வயிறு வரை தண்ணீர். அவர் முன்னால் ஒரு கழியைக் குத்திப் பார்த்துக்கொண்டு இடுப்பளவில் நடந்து வந்தார். மர நாற்காலியில் அவளை உட்காரவைத்து, அவர் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் தூக்கிப் போய் வண்டியில் ஏற்றினோம். ஏழுமலையானையும் தெரிந்த எல்லா அம்மன்களையும் ஒரே மூச்சில் கூப்பிட்டேன்.

எந்தப் பக்கம் பார்த்தாலும் தண்ணீர்தான். அதற்கடியில் தோண்டிப் போட்ட அஸ்திவாரப் பள்ளங்கள் இருந்தன, எங்கே என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது. மேலே இருந்த மனைகளையும் தெருக்களையும் அவர் பார்க்கவே இல்லை, அடியில் கிடந்த தன் பழைய வயலைப் பார்த்துத்தான் நடந்தார். "இது பெரிய வரப்பு சார், கெட்டியா இருக்கும். இப்பால வா, அங்க பள்ளம்" என்று சொல்லிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் வலது சக்கரம் சரிந்து இறங்கியது. வண்டி சாய்ந்தது. அவள் ஒரே ஒரு முறை, அம்மா என்று கத்தினாள். நான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டேன். அவர் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஏதோ சொல்லி இழுத்தார், வண்டி நிமிர்ந்தது. நான் கண்ணை மூடியதை அவள் பார்த்துவிட்டாள். அதை இன்றுவரை அவள் சொல்லிக்காட்டியதில்லை.

ஊருக்குள் மேட்டில் இருந்த தன் வீட்டுக்கே எங்களைக் கூட்டிப் போனார். இருபது நாள் கழித்து, கார்த்திகையில், தாம்பரம் ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தாள். பிள்ளையோடு திரும்பி வந்ததும் அவர் வீட்டுக்குத்தான். அவர் மனைவி வெந்நீர் ஊற்றினார், பத்தியம் சமைத்துப் போட்டார். தீட்டு அந்த வீட்டிலேயே கழிந்தது. தை பிறந்ததும் சேலையூரில் ஒரு மாடி போர்ஷனுக்குப் போனோம்.

இவ்வளவுக்கும் பிறகு ஆபீசில் நான் சொன்ன கதை வேறு. "தண்ணி வரும்னு சொல்லி ஏமாத்திட்டான்யா அந்த ஆளு" என்று ஆரம்பிப்பேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மாட்டுவண்டி வருகிற இடத்துக்கு முன்பே கதையை முடித்துவிடுவேன். சிரிப்பு அங்கேதான் நன்றாக வந்தது. பல வருடங்கள் அப்படியே சொன்னேன்.

தொண்ணூறுகளில் நாங்களும் ஒரு மனை வாங்கினோம். எங்களுக்குக் கட்டுப்படியானது ராஜகீழ்ப்பாக்கத்தில், அதே மதகடிப் பக்கம்தான். அந்தப் பெயரைச் சொல்கிறவர்கள் அப்போது குறைந்துவிட்டார்கள், ஏதோ ஒரு நகர் என்று போர்டு வைத்திருந்தார்கள். அந்தப் பழைய வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார். மூன்றடி உயர்த்திக் கட்டினேன், மாடியில் நாங்கள், கீழே வாடகைக்கு. எலக்ட்ரீஷியன் சிரிக்கச் சிரிக்க, கீழ் வீட்டின் ப்ளக் பாயிண்ட்களைத் தோள் உயரத்தில் வைக்கச் சொன்னேன். பிறகு பஞ்சாயத்தில் தெருவுக்குத் தார் போட்டார்கள், அதன்மேல் மீண்டும் போட்டார்கள். மூன்றடியைத் தெரு தின்றுவிட்டது. ஒரு வருடம் கீழ் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. அப்போது இருந்தவர்கள் தை மாதமே காலி பண்ணிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு வீடு மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. லோனைக் கட்ட முடியாமல் போய்விடுமோ என்று எனக்குப் பழைய வியர்வை திரும்ப வந்துவிட்டது. அந்த ஆவணியில் ஒரு பையன் வந்தான். மறைமலை நகரில் ஏதோ ஒரு தொழிற்சாலையில் வேலை. கூட அவன் மனைவி. ஐந்தாம் மாதம் இருக்கும். என் மனைவி அன்று மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள்.

அவன் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டான்: "தண்ணி வருமா சார்?"

"வரும்" என்றேன்.

அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டேன். அன்றைக்கு அந்த வீட்டுக்காரர் ஐப்பசி கார்த்திகை என்று மாதத்தைச் சொன்னார், வாடகையைக் குறைத்தார், வூட்டம்மாவைக் கூட்டி வந்து காட்டச் சொன்னார். நான் அதில் எதையும் செய்யவில்லை. நான் தப்பாகப் புரிந்துகொண்டது தெரியாமல் சொன்னவரை ஏமாற்றுக்காரர் ஆக்கிவிட்டு, அவன் தப்பாகப் புரிந்துகொள்வான் என்று தெரிந்தே நான் சொன்னேன்.

அந்தப் பெண் கூடத்தில் நின்று சுவரைப் பார்த்தாள். "ப்ளக்கெல்லாம் மேல இருக்கு பாருங்க. பாப்பாவுக்குக் கை எட்டாது" என்று அவனிடம் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்தும் சிரித்தாள்.

"ஆமாம்மா, எட்டாது" என்றேன்.

சாயங்காலம் என் மனைவி கேட்டாள்: "தண்ணி வரும்னு சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்" என்றேன். அவள் நம்பினாள்.

அவர்கள் வந்து பால் காய்ச்சினார்கள். எங்களுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார்கள். புரட்டாசி முழுக்க அந்தப் பெண் கீழே பாடிக்கொண்டே வேலை செய்வாள். அவள் குரல் கேட்டால் நான் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவேன். ஐப்பசி பிறந்து மழை பிடித்தது. முதல் நாள் ஏரிக்கரைக்குப் போனேன். பழைய படிகளில் ஆறு தெரிந்தன. மறுநாள் நான்கு. மூன்றாம் நாள் மத்தியானம் போகவில்லை. குடையை எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கிக் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

பையன் கதவைத் திறந்தான். அவனுக்குப் பின்னால் அவள் தரையோடு போட்டிருந்த கட்டிலில் வயிற்றின்மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"தம்பி, தண்ணி வரும்" என்றேன்.

"வருது சார். சூப்பரா வருது" என்று சிரித்தபடி அவன் உள்ளே போய், எனக்குக் காட்டுவதற்காகக் குழாயைத் திறந்துவிட்டான்.

"அந்தத் தண்ணி இல்ல தம்பி" என்றேன்.